துருசடியில் ஓர் ஆள் வேண்டும் – பாடசாலைத் தலைமைத்துவம் பற்றிச் சில சிந்தனைகள்

குளம் நிறைந்திருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது என்பதைக் கமக்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. துருசை நேரமறிந்து திறக்க ஓர் ஆள் வேண்டும். வாய்க்காலில் எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று நடந்து பார்க்க வேண்டும். மேல்வயல்காரன் தண்ணீரை மறித்துக்கொண்டால் அவனோடு பேசிக் கடைசி வயலுக்கும் பங்கு கிடைக்கச் செய்ய வேண்டும். எங்கள் முன்னோர் இதற்காகவே வட்டவிதானை என்று ஒருவரை வைத்திருந்தார்கள். நல்ல வட்டவிதானை வாய்த்த வருடத்தில் அரைக்குளத் தண்ணீரிலும் சிறுபோகம் விளைந்தது. அவர் சரியில்லாத வருடத்தில் நிறைகுளம் இருந்தும் கடைசி வயல் காய்ந்தது.

பாடசாலையும் இவ்வாறானதே. எமது நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்கள் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளது. 5 வயது தொடக்கம் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்ற விதி 1998 இல் நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே குளத்தில் தண்ணீர் இல்லை என்று நாம் முற்றாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், அந்தத் தண்ணீர் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைவரை போய்ச் சேருகின்றதா என்பதே கேள்வி. துருசடியில் நிற்பவர் யார், அவர் அந்த வேலைக்கு ஆயத்தம் செய்யப்பட்டவரா என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம்.

காணியா, பள்ளிக்கூடமா?

மீள்குடியேற்றக் கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காணும் ஒரு காட்சி உண்டு. தகப்பன் மட்டும் காணிக்குத் திரும்பியிருப்பார். பற்றைகளை வெட்டி, கிணற்றை இறைத்து, தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தனியே சமைத்துச் சாப்பிடுவார். தாயும் பிள்ளைகளும் நகரத்தை அண்டிய இடத்தில் வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்பார்கள். காரணம் கேட்டால், "பிள்ளையளின்ர படிப்பு" என்பார்கள்.

ஒரு தாய் எம்மிடம் சொன்னது இன்றும் நினைவில் நிற்கின்றது: "ஃபாதர், காணி எங்களைக் கூப்பிடுது. ஆனா அங்கத்தப் பள்ளிக்கூடத்தை நினைச்சா கால் எழும்புதில்லை. மூண்டு வருசத்தில நாலு அதிபர் மாறியிட்டினம். ஆரை நம்பிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறது?"

அவருடைய கணக்கு மிகச் சரியானது. கட்டடம் இருக்கின்றதா, கதிரை மேசை இருக்கின்றதா என்று அவர் கேட்கவில்லை. யாரை நம்புவது என்றே கேட்டார். ஒரு கிராமத்துப் பாடசாலை எழும்பாவிட்டால் குடும்பம் இரண்டாகப் பிரிந்தே இருக்கும். இரண்டு அடுப்பு எரியும், இரண்டு செலவு வரும். சில வருடங்களில் தகப்பனும் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நகரத்துக்கு வந்துவிடுவார். அத்தோடு அக்கிராமத்தின் கமமும் படுத்துவிடும். எனவே பாடசாலைத் தலைமைத்துவம் என்பது கல்விப் பணிமனைக்கு மட்டும் உரிய விடயமன்று. அது உங்கள் காணியோடும் கமத்தோடும் பிணைந்துள்ள விடயமாகும்.

இடம்பெயர்வு கற்றுத்தந்த பாடம்

அதிபர் ஒருவரின் பெறுமதி என்ன என்பதை எங்கள் மக்கள் அமைதிக் காலத்தில் அறிந்ததைவிட ஓடிய காலத்திலேயே அதிகம் அறிந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பெரும்பாலானோர் புத்தளம் பகுதியில் தஞ்சமடைந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தார்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் ஓடிக் கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமை அடைந்தார்கள். 2012 செப்டெம்பரிலேயே அம்முகாம் மூடப்பட்டது. இவ்வாறு போன இடங்களில் எல்லாம் பாடசாலைகளும் கூடவே போயின. மர நிழலிலும் கூடாரத்திலும், வேறொரு பாடசாலையின் மாலை நேரத்திலும் அவை நடந்தன.

காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1990 இல் இடம்பெயர்ந்த அப்பாடசாலை 2016 இலேயே தனது சொந்த மண்ணுக்குத் திரும்பியது. ஏறக்குறைய 26 வருடங்கள்! அக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் தங்கள் பாடசாலையின் உண்மையான வாசலைக் காணாமலே படித்து முடித்தார்கள். ஆயினும் பாடசாலை இறந்துபோகவில்லை. பெயரும் இடாப்பும் அதிபரும் ஆசிரியரும் மாணவரும் இருக்கும்வரை, கட்டடம் இல்லாவிட்டாலும் பாடசாலை உயிரோடு இருக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

வன்னியில் சிறிய பாடசாலை ஒன்றின் அதிபரை நாம் அறிவோம். ஊரை விட்டுப் புறப்படும்போது அவர் தன் வீட்டுச் சாமான்களில் பாதியை விட்டுவிட்டார். ஆனால் அனுமதி இடாப்பையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டார். போன இடத்தில் முதல் வாரமே கூடாரம் கூடாரமாகச் சென்று, "எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள் ஆரார் இருக்கிறியள்?" என்று பெயர் எழுதினார். அதன்பின் ஒரு மரத்தடியில் மணிக்குப் பதிலாகத் தகரத் துண்டில் தட்டி வகுப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் விடுகைப் பத்திரம் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த இடாப்புத்தான் கைகொடுத்தது.

இவரைப் பற்றிச் சொல்லும்போது "அவர் பிறவித் தலைவர்" என்று பலரும் புகழ்வார்கள். ஆனால் அவரிடமே கேட்டபோது அவர் வேறுவிதமாகச் சொன்னார். தான் இளம் ஆசிரியராக இருந்த காலத்தில் தனது அதிபர் தன்னைக் கூப்பிட்டு இடாப்பு முடிக்கவும் நேரசூசி போடவும் பெற்றோர் கூட்டம் நடத்தவும் ஒவ்வொன்றாகப் பழக்கினார் என்றும், அப்பழக்கமே இடம்பெயர்ந்த நேரத்தில் கைகொடுத்தது என்றும் கூறினார். ஆகவே அவரும் ஒருவரால் உருவாக்கப்பட்டவரே. நல்ல தலைவர் தானாக முளைப்பார் என்று காத்திருப்பது, விதைக்காத வயலில் நெல் வரும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

அதிபர் எங்கிருந்து வருகின்றார்?

முற்காலத்தில் கிராமப் பாடசாலைகள் பலவற்றைச் சமய நிறுவனங்கள் நடத்தின. முகாமையாளர் என்று ஒருவர் இருந்து தலைமை ஆசிரியரைத் தெரிவு செய்தார். அம்முறையில் நன்மையும் இருந்தது, பாரபட்சமும் இருந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கீழ் வந்தன. 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பின்னர், தேசிய பாடசாலைகள் தவிர்ந்த ஏனையவை மாகாண நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளன. எமது கிராமப் பாடசாலைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. மாகாணத்தின் கீழ் வலயமும் வலயத்தின் கீழ் கோட்டமும் இயங்குகின்றன.

இன்று அதிபர்கள் இலங்கை அதிபர் சேவை மூலம் வருகின்றார்கள். ஆசிரியராக இருப்பவர் போட்டிப் பரீட்சை எழுதித் தெரிவாகி, மூன்றாம் தரத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்கின்றார். 2023 நவம்பரில் ஒரே தடவையில் 4,000 க்கும் மேற்பட்டோர் இச்சேவைக்கு நியமனம் பெற்றார்கள். பயிற்சிக்கும் இடங்கள் உண்டு. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில் இயங்குகின்றது. அதன் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் மீப்பேயில் உள்ளது.

இருந்தும் கிராமத்தில் நடப்பது என்ன? கஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்ட பாடசாலைக்குச் சேவைத் தரம் பெற்ற அதிபர் வர விரும்புவதில்லை. வந்தாலும் இடமாற்றம் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்போது அங்குள்ள மூத்த ஆசிரியர் ஒருவர் கடமை நிறைவேற்று அதிபராகப் பொறுப்பேற்கின்றார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவரது கையில் திறப்புக் கோர்வை கொடுக்கப்படும். அன்று முதல் அவர் அதிபர். முதல் நாள் வரை கணிதம் படிப்பித்தவர் மறுநாள் கணக்குப் புத்தகம், சத்துணவு, கட்டட ஒப்பந்தகாரர், வலயக் கூட்டம், ஆசிரியர் லீவு ஆகிய அனைத்தையும் சுமக்க வேண்டும். பரீட்சையில் சித்தியடைந்து வருபவருக்கும் இந்தச் சிரமம் உண்டு. சட்டதிட்டங்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதலாம். ஓர் ஆசிரியரை மனம் நோகாமல் திருத்துவது எப்படி என்பதைப் பரீட்சைத்தாள் கற்றுத்தராது.

இதனால் இவர்கள் கெட்டவர்கள் என்று கொள்ளலாகாது. நீந்தத் தெரியாதவரை ஆற்றில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று குறை சொல்வது நியாயமன்று.

அதிபரின் முதன்மையான வேலை எது?

ஒரு நல்ல அதிபர் என்றால் யார் என்று கிராமத்தில் கேட்டால், "கண்டிப்பானவர்", "புதுக் கட்டடம் கொண்டுவந்தவர்", "விளையாட்டுப் போட்டியைச் சிறப்பாக நடத்தியவர்" என்று மறுமொழி வரும். இவை வேண்டியவையே. ஆனால் பிள்ளையின் படிப்பை உண்மையில் உயர்த்துவது எது என்று உலகில் பலர் ஆராய்ந்திருக்கின்றார்கள்.

கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், பாடசாலைக்குள் பிள்ளையின் கற்றலைப் பாதிக்கும் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைத்துவத்துக்கே உரியது என்று கூறினார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ரொபின்சன் என்ற பெண் அறிஞர் வேறிருவரோடு சேர்ந்து, முன்னர் வெளியான பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2008 இல் ஒரு முடிவை வெளியிட்டார். அதிபர் செய்யும் வேலைகளை அவர்கள் ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பிள்ளைகளின் கற்றலில் எவ்வளவு பயனைத் தருகின்றது என்று அளந்தார்கள். எண் பெரிதானால் பயனும் பெரிது என்று கொள்க.

ஒழுங்கும் பாதுகாப்பும் உள்ள சூழலை ஏற்படுத்துதல் 0.27. பணத்தையும் ஆளணியையும் தேவையறிந்து பயன்படுத்துதல் 0.31. தெளிவான இலக்குகளை வகுத்தல் 0.42. கற்பித்தலைத் திட்டமிட்டு மேற்பார்வை செய்தல் 0.42. ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதற்கு ஊக்கமளித்து, அதிபர் தாமும் அவர்களோடு அமர்ந்து கற்றல் 0.84.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் வசதியுள்ள நாடுகளில் நடந்தவை. எமது நிலைமை வேறு. ஆயினும் இதன் கருத்தை ஒரு கமக்காரர் இலகுவில் விளங்கிக்கொள்வார். வேலி நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு புகும். ஆனால் வேலியால் மட்டும் நெல் விளையாது. அதிபர் வாசலில் நின்று பிந்தி வருபவர்களைப் பிடிப்பது வேலி கட்டும் வேலை. வகுப்பறைக்குள் போய், எந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை, அதற்கு ஆசிரியருக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பதுதான் வயலுக்குள் இறங்கும் வேலை. பல அதிபர்கள் வேலியோடு நின்றுவிடுகின்றார்கள். வயலுக்குள் இறங்க அவர்களை யாரும் பழக்கவில்லை என்பதே காரணம்.

பழக்குவது எப்படி?

பயிற்சி என்றவுடன் மண்டபத்தில் மூன்று நாள் கருத்தரங்கு, கையில் ஒரு கோவை, மதியச் சாப்பாடு, முடிவில் ஒரு சான்றிதழ் என்றுதான் எண்ணுகின்றோம். இவ்வாறான கருத்தரங்குகளை நாமும் ஒழுங்கு செய்திருக்கின்றோம். ஆறு மாதத்தின் பின் போய்ப் பார்த்தால் கோவை அலுமாரியில் இருக்கும். விவசாய விரிவாக்கத்தில் கற்ற பாடம் இங்கும் பொருந்தும். புதிய நெல்லினத்தைப் பற்றி மண்டபத்தில் பேசியபோது ஏற்காத கமக்காரர், பக்கத்து வயலில் விளைந்ததைக் கண்டதும் விதை கேட்டு வந்தார் அல்லவா? அதிபரும் நல்ல பாடசாலை ஒன்றைக் கண்டு, அங்கு சில காலம் கூட இருந்து, திரும்பி வந்து தன் பாடசாலையில் செய்து பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் இவ்விடயத்தை ஒழுங்காகச் செய்கின்றார்கள். ஆசிரியர்களிடையே தலைமைத்துவ ஆற்றல் உள்ளவர்களை முன்கூட்டியே இனங்கண்டு, சிறிய பொறுப்புக்களிலிருந்து படிப்படியாக வளர்க்கின்றார்கள். அதிபராக வரக்கூடியவர்களுக்காக 2001 முதல் ஆறு மாத முழுநேரப் பயிற்சியொன்றை அங்குள்ள தேசிய கல்வி நிறுவகம் நடத்தி வந்துள்ளது. கதிரையில் இருத்திய பின் பழக்குவதை விடுத்து, பழக்கிய பின் கதிரையில் இருத்துவதே அவர்களது முறை. அவ்வளவு பணம் எம்மிடம் இல்லை. ஆனால் பின்வருவனவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

முதலாவது, துணைக்கு ஒரு மூத்தவர். புதிதாகப் பொறுப்பேற்கும் அதிபருக்கு, ஓய்வுபெற்ற நல்ல அதிபர் ஒருவரை ஒரு வருடத்துக்குத் துணையாக அமைக்கலாம். மாதம் இரு தடவை அவர் வந்து ஒரு நாள் கூட இருந்தாலே போதுமானது. பொறுப்பு புதியவரிடமே இருக்க வேண்டும். மூத்தவர் ஆலோசனை மட்டும் வழங்க வேண்டும்.

இரண்டாவது, அயல் பாடசாலைக் குழு. ஒரு கோட்டத்தில் உள்ள ஐந்தாறு சிறிய பாடசாலைகளின் அதிபர்கள் மாதம் ஒருமுறை ஒரு பாடசாலையில் கூடலாம். சுற்றறிக்கை வாசிப்பதற்கு அல்ல. இரண்டு வகுப்புக்களில் அமர்ந்து பாடத்தை அவதானித்து, கண்டதை மனந்திறந்து பேசுவதற்கே. அடுத்த மாதம் மற்றப் பாடசாலை. பரத்தை மாறி மாறிச் சுமக்கும் எங்கள் கைமாற்று வேலை முறையே இது.

மூன்றாவது, வாராந்தம் ஒரு மணித்தியாலம். வாரத்தில் ஒரு நாள் ஆசிரியர்கள் எல்லோரும் அதிபரோடு அமர்ந்து ஒரேயொரு கேள்வியைப் பேச வேண்டும். உதாரணமாக, தரம் 3 இல் எத்தனை பிள்ளைகள் ஒரு பந்தியைத் தடங்கலின்றி வாசிக்கின்றார்கள்? வாசிக்காதவர்கள் யார்? அடுத்த வாரத்துக்குள் யார், என்ன செய்யப்போகின்றோம்? அதிபரும் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டும்.

இம்மூன்றாவது முறையை ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் நாம் நேரில் கண்டோம். கடமை நிறைவேற்று அதிபராகப் பொறுப்பேற்ற பெண் ஆசிரியை ஒருவர், முதல் தவணையில் கட்டடத்தைப் பற்றியோ வர்ணப்பூச்சைப் பற்றியோ பேசவில்லை. தரம் 3 முதல் 5 வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு வாசிக்க வைத்தார். இடப்பெயர்வில் இரண்டு மூன்று வருடப் படிப்பை இழந்த பிள்ளைகள் மேல்வகுப்பில் இருந்துகொண்டு அகரவரிசையில் தடுமாறியதைக் கண்டார். ஆசிரியர்களைக் கூட்டி, "இது உங்கட பிழையுமில்லை, என்ர பிழையுமில்லை. ஆனா இனி விட்டா எங்கட பிழைதான்" என்றார். காலைக் கூட்டத்துக்குப் பின் முதற் பாடவேளையை எல்லா வகுப்புக்கும் வாசிப்பு நேரமாக்கி, வயதைப் பாராமல் வாசிப்பு நிலையின்படி பிள்ளைகளைப் பிரித்தார். அவரும் ஒரு குழுவுக்குப் படிப்பித்தார். அறுவடைக் காலத்தில் வரவு குறைந்தபோது பெற்றோரைத் திட்டாமல், வயல் வரம்பில் போய் நின்று கதைத்தார். இரண்டு வருடத்தில் அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் பிள்ளைகள் வாசித்தார்கள். நகரத்திலிருந்து சில குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பின. காணிக்குத் திரும்ப அவர்களுக்கு வேண்டியிருந்த துணிவு இதுவே.

நாற்றுமேடை

அந்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் என்ன நடக்கும்? பல பாடசாலைகளில் ஓர் அதிபரோடு எழும்பிய அனைத்தும் அவரோடு போய்விடுகின்றது. ஒருவர் தலையில் எல்லாம் தங்கியிருந்தமையே இதற்குக் காரணம்.

ஆகவே தலைமைத்துவத்தை வளர்ப்பது என்றால் அதிபரை மட்டும் வளர்ப்பதன்று. பிரதி அதிபர், பகுதித் தலைவர்கள், பாடப் பொறுப்பாசிரியர்கள் என்று இரண்டாம் வரிசை ஒன்று வளர வேண்டும். ஓர் ஆசிரியருக்கு ஆரம்பப் பிரிவின் வாசிப்புப் பொறுப்பையும், இன்னொருவருக்கு வரவுப் பொறுப்பையும், வேறொருவருக்குப் பெற்றோர் சந்திப்பையும் கொடுத்து, தவறு செய்தாலும் பொறுத்துத் திருத்த வேண்டும். இதுவே நாற்றுமேடை. கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் யுவதிகள் ஆசிரியர்களாகி அங்கேயே வேலை செய்யும்போது, அவர்களில் ஒருவரையாவது இவ்வாறு வளர்த்தெடுத்தால், வெளியிலிருந்து வருபவர் போனாலும் பாடசாலை நிலைகுலையாது.

பொறுப்பைப் பகிர மறுக்கும் அதிபர்களும் உண்டு. திறப்பு முழுவதும் தன் இடுப்பில் இருந்தால்தான் மரியாதை என்று நினைப்பார்கள். தான் இல்லாத நாளில் தன் பாடசாலை எப்படி நடக்கின்றது என்பதே ஓர் அதிபரின் உண்மையான சோதனை.

பெற்றோராகிய உங்கள் பங்கு

"நாங்கள் படிக்காத ஆக்கள். அதிபருக்கு நாங்கள் என்ன சொல்ல?" என்று பலர் ஒதுங்கிக்கொள்கின்றார்கள். முகாமில் இருப்பவர்கள், "இது எங்கட ஊர்ப் பள்ளிக்கூடமில்லையே" என்று பின்னுக்கு நிற்கின்றார்கள். இரண்டும் சரியன்று. உங்கள் பிள்ளை எந்தப் பாடசாலையின் இடாப்பில் இருக்கின்றதோ அது உங்கள் பாடசாலையே.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கு இடமுண்டு. இதற்கு மேலாக, 2006 முதல் படிப்படியாக அறிமுகமான பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின்படி, பாடசாலை அபிவிருத்திக் குழுவில் அதிபர், ஆசிரியர்களோடு பெற்றோரும் பழைய மாணவரும் வலயப் பணிப்பாளரின் பிரதிநிதியும் அமர்கின்றார்கள். பாடசாலையின் திட்டத்தை வகுப்பதில் இவர்களுக்கும் பங்குண்டு. பல இடங்களில் இக்கூட்டங்கள் பணம் சேர்ப்பதற்கும் சிரமதானத்துக்கும் மட்டுமே கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில் பின்வரும் கேள்விகளைப் பணிவோடு கேட்டுப் பாருங்கள்.

1. எங்கள் பிள்ளைகளில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன செய்யப்படுகின்றது?

2. ஆசிரியர்கள் தங்களுக்குள் கூடிக் கற்பித்தலைப் பற்றிப் பேச வாரத்தில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

3. அதிபர் வகுப்புக்களைப் பார்க்கப் போக நேரம் கிடைக்கின்றதா? இல்லாவிட்டால் அவரது வேலைகளில் எதை நாங்கள் பொறுப்பேற்கலாம்?

4. அதிபர் இல்லாத நாளில் பொறுப்பு யாரிடம்?

5. தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் இங்கே தங்குவதற்கு நாங்கள் என்ன ஒழுங்கு செய்யலாம்?

மூன்றாவது, ஐந்தாவது கேள்விகளைக் கவனியுங்கள். அவை குறை பிடிக்கும் கேள்விகள் அல்ல, கைகொடுக்கும் கேள்விகள். சத்துணவுச் சமையல், வளவு துப்புரவு, கட்டட வேலையை மேற்பார்வை செய்தல் ஆகியவற்றைச் சங்கம் பொறுப்பேற்றால் அதிபருக்கு வாரத்தில் பல மணித்தியாலங்கள் மிஞ்சும். அந்த நேரத்தை வகுப்பறைக்குக் கொடுக்குமாறு நீங்கள் கேட்கலாம். பாதுகாப்பான ஓர் அறையும் கிணற்றுத் தண்ணீரும் இருந்தால், இடமாற்றம் கேட்டு எழுதவிருந்த ஆசிரியை இன்னுமொரு வருடம் நிற்கக்கூடும்.

நிரந்தர அதிபர் இல்லாத பாடசாலையாயின், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியன ஒன்றுசேர்ந்து கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் எழுத்தில் கேளுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். "அதிபர் ஒருவரைத் தாருங்கள்" என்று மட்டும் எழுதாமல், "குறைந்தது மூன்று வருடம் நிற்கக்கூடிய ஒருவரைத் தாருங்கள், கடமை நிறைவேற்று அதிபராக இருப்பவருக்குப் பயிற்சியும் துணையும் தாருங்கள்" என்று எழுதுங்கள். குளத்துக்குத் தண்ணீர் கேட்டு மகஜர் கொடுக்கப் பழகியவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்காகவும் கொடுப்போம்.

முடிவாக

போர் எங்கள் வயல்களைப் பற்றையாக்கியது. பற்றையை வெட்டலாம், கிணற்றை இறைக்கலாம், வரம்பை மீளக் கட்டலாம். இவற்றைச் செய்து காட்டியிருக்கின்றீர்கள். ஒரு பிள்ளை வாசிக்கப் பழகாமல் இழந்த வருடங்களை அவ்வளவு இலகுவில் திருப்பித் தர முடியாது. அதனைத் தாமதமின்றிச் செய்வதற்கு ஒவ்வொரு கிராமத்துப் பாடசாலையிலும் பழக்கப்பட்ட ஒருவர் துருசடியில் நிற்க வேண்டும். அவரைத் தெரிவு செய்வதும் பயிற்றுவதும் அரசின் கடமை. அவர் வந்தபின் தனித்து நிற்க விடாமல் பக்கத்தில் நிற்பது எங்கள் கடமை.

இவ்வெளியீட்டை வாசித்து முடித்ததும், உங்கள் பிள்ளையின் கொப்பியை எடுத்து ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அடிக்க வேண்டாம். மறுநாள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போங்கள்.